குதிரைத்துரைக்கு ஒரு மரண அறிவித்தல்

கதிரையின் மேல் தலையணை. தலையணையின் மேல் ஒலிவாங்கி. அதில் ஈ மொய்க்காதபடி சீமாம்பிள்ளையர் பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கதிரையில் விசிறி இல்லாமல் வியர்த்துக்கொண்டிருந்தவர் அவருடைய வருங்காலச் சம்பந்தியம்மா.

நெடுந்தீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்தில் பூசை முடிந்து எல்லோரும் வீடு திரும்பிய நேரம். குசினிக்குள் கணவாய்க் கறி கொதித்தது. வாசனை முற்றம் முழுவதும் பரவியும் ஒருவருக்கும் பசி வரவில்லை. சீமாம்பிள்ளையரின் மகள் றீற்றாவுக்கு அன்றைக்குத்தான் கலியாணம் முற்றாக வேண்டும். முற்றாகுமா, குழம்புமா என்பது அந்த ஒலிவாங்கியில் யார் என்ன சொல்லித் தொலைக்கப் போகிறார்கள் என்பதில் தங்கியிருந்தது.

எண்பத்து மூன்றாம் ஆண்டின் முற்பகுதி அது. நாடு தலைகீழாவதற்குச் சில மாதங்கள் இருந்தன. எங்களுக்கு அது தெரியாது. எங்கள் கவலையெல்லாம் றீற்றாவின் கலியாணம்தான்.

பக்கத்துத் தீவில் சரவணை ஊர்க்காரியான எனக்கு நெடுந்தீவில் ஆங்கில ஆசிரியை வேலை கிடைத்ததையும், முதல் கடல் பயணத்தில் சத்தி எடுத்துக்கொண்டே போய் இறங்கியதையும் சென்ற கிழமை எழுதியிருந்தேன். சத்தியைப் பற்றி இத்தனை விரிவாக எழுதத்தான் வேண்டுமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இந்தக் கிழமை கடல் அமைதியாக இருக்கும், பயப்படாமல் வாசிக்கலாம்.

கடலுக்கு நாடி பார்த்தவர்

டெக்லனை நான் முதலில் கண்டது குறிகட்டுவான் துறையில். சனி, ஞாயிறு வீட்டில் நின்றுவிட்டு நெடுந்தீவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வெள்ளைத் தொப்பியும் காதில் பெரிய கவசமுமாக ஒரு வெள்ளைக்காரர் துறையின் விளிம்பில் குந்தியிருந்து, நீட்டுத் தடியில் கட்டிய ஒலிவாங்கியைத் தண்ணீருக்கு மேல் பிடித்திருந்தார். யாராவது வாய் திறந்தால் விரலை உதட்டில் வைத்தார்.

"உந்த மனிசன் கடலிட்டை என்ன கேக்குது?" என்றாள் ஒரு மீன்காரி.

"நாடி பாக்கிறார் போல. பேசாமல் நில்லணை" என்றார் பேருந்து நடத்துநர்.

அவர் ஏதோ ஆங்கிலத்தில் கேட்க, வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் நான் பதில் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். அந்த நொடியிலிருந்து அவர் நெடுந்தீவை விட்டுப் போகும்வரை நான்தான் அவருடைய வாயும் காதும்.

டெக்லன் அயர்லாந்துக்காரர். அந்த நாட்டின் மேற்குக் கரையில், அவர்களுடைய சொந்த மொழியில் ஒலிபரப்பும் ஒரு சின்ன வானொலியில் வேலை. இளம் வயதில் அங்கே சேர்ந்தபோது அவருக்குக் கொடுத்த முதல் வேலை மரண அறிவித்தல் வாசிப்பது. மாலையில் அவர் குரல் வந்தால் ஊர் முழுக்கக் கையிலுள்ள வேலையைப் போட்டுவிட்டுக் கேட்குமாம். கால்பந்து முடிவைப் பிழையாக வாசித்தால் மன்னித்துவிடுவார்களாம். செத்தவரின் ஊரைப் பிழையாக வாசித்தால் காலையில் வானொலி வாசலில் வந்து நிற்பார்களாம்.

அப்படி வாசித்து வாசித்துத்தான் அவருக்குச் சரித்திரப் பைத்தியம் பிடித்தது. வீட்டைவிட்டுக் கப்பலேறிப் போய், செத்த சேதிகூட ஊருக்கு வராமல் போனவர்கள் எத்தனை பேர் என்று தேடத் தொடங்கினார். சிப்பாய்கள், மாலுமிகள், குருமார் என்று ஒவ்வொருவராகத் தேடி இரண்டு மூன்று புத்தகங்கள் எழுதினார். ஞாயிறு தோறும் வானொலியிலும் அதையே பேசினார். புதிதாக வந்த மேலதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. "கடதாசி மணம் போதும். இந்த முறை உயிருள்ள குரல் ஒன்றைக் கொண்டுவா, இல்லாவிட்டால் அந்த நேரத்தைக் கால்பந்துக்குக் கொடுத்துவிடுவேன்" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தாராம்.

அவர் தேடி வந்தது, வெள்ளைக்காரர் காலத்தில் நெடுந்தீவில் குதிரை வளர்த்த ஒரு ஐரிஷ் அதிகாரியை. எங்கள் பக்கத்தில் குதிரைத்துரை என்பார்கள். அவருடைய குதிரைகளின் வாரிசுகள் இன்றைக்கும் தீவின் தெற்குவெளியில் கட்டாக்காலியாகத் திரிகின்றன. அவருக்கு மனித வாரிசுகளும் உண்டு என்பதை ஊரில் எல்லோரும் அறிவார்கள். ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

பூனைக்கண்

நான் வாடகைக்கு இருந்தது சீமாம்பிள்ளையர் வீட்டில். நல்ல கறுப்பு மனிதர். மாடு வளர்ப்பு, கொஞ்சம் தோட்டம். கண்கள் மட்டும் சாம்பல் நிறம். றீற்றாவுக்கும் அதே கண். என்னைத் தேடி முதல்முறை அந்த வீட்டுக்கு வந்த டெக்லன், தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு சீமாம்பிள்ளையரின் கண்ணையே பார்த்தபடி இருந்தார். தேநீரில் ஆடை படர்ந்துவிட்டது.

அவர் போனதும் சீமாம்பிள்ளையர் என்னைக் கூப்பிட்டார்.

"ரீச்சர், உவர் என்னத்துக்கு என்ரை கண்ணைப் பாக்கிறார்?"

"குதிரைத்துரையைப் பற்றி விசாரிக்கிறார் ஐயா."

"குதிரையைப் பற்றி எண்டா எவ்வளவும் கேக்கட்டும். துரையைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது. றீற்றாவின்ரை அலுவல் முடியுமட்டும் இந்த வீட்டில ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது. விளங்கிச்சோ?"

விளங்கியது. துரை இந்த ஊர்ப் பெண் ஒருத்தியோடு வாழ்ந்தவர், கோயிலில் எழுதிக் கட்டவில்லை. தலைமுறைகள் கடந்தும் அந்தப் பேச்சு சாகவில்லை. பள்ளிக்கூடத்தில் 'துரைக்குட்டி' என்று கூப்பிட்ட பெடியன்களோடு சீமாம்பிள்ளையர் உருண்டு புரண்டு சண்டை பிடித்தவர். அந்தப் பெயர் மகளின் கலியாணத்துக்குள் நுழைவதை அவர் விடமாட்டார்.

மாப்பிள்ளை அந்தோனி, ஊர்காவற்றுறையில் ஒரு கடையில் கணக்கெழுதுபவன். கோயில் பெருநாளில் றீற்றாவும் அவனும் ஒருவரையொருவர் கண்டு விரும்பிக்கொண்டார்கள். சிக்கல் அவனுடைய தாய் மதலேனம்மாவால்தான். பரம்பரை விசாரிக்கத் தொடங்கினால் ஆதாம் ஏவாள் வரைக்கும் போகாமல் விடமாட்டார் என்று பெயர் வாங்கியவர்.

"வேண்டாமெண்டு சொன்னா என்ன செய்வாய்?" என்று நான் றீற்றாவைக் கேட்டேன்.

"அவரைத்தவிர ஒருத்தரையும் கட்டமாட்டன் ரீச்சர்" என்று சொல்லிக்கொண்டே கணவாயின் தலையைத் திருகி இழுத்தாள். அந்தோனி நல்லபடி நடந்துகொள்வான் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

மதலேனம்மா அடுத்த கிழமைதான் வருவதாக இருந்தது. காற்றுக் கிளம்பப்போகிறது என்று யாரோ சொல்ல, ஒரு மீன்பிடி வள்ளத்தில் ஏறி இந்த ஞாயிறே வந்துவிட்டார். அன்றைக்கென்று பார்த்து டெக்லனும் கோயில் மணியைப் பதிவுசெய்ய வந்தவர், பூசை முடிந்ததும் எங்கள் பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டார். வாசலுக்கு வந்த மனிதரைப் போகச்சொல்ல சீமாம்பிள்ளையருக்கு வாய் வரவில்லை. றீற்றாவிடம் மட்டும், "நிலத்தைப் பாத்துக்கொண்டு தேத்தண்ணி குடு, நிமிராதை" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். மதலேனம்மா அதை அடக்கம் என்று எண்ணி மகிழ்ந்தார். றீற்றாவை அறிந்த எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கயித்தாம்பிள்ளையரின் வசனங்கள்

இந்த இடத்தில் எங்கள் வானொலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

தீவார் ஊரில் இருப்பதைவிட வெளியில் இருப்பது அதிகம். ஒருவர் கொழும்பில் கடை, இன்னொருவர் வன்னியில் வயல், இன்னொருவர் கப்பலில். ஒரு செத்தவீடு என்றால் இவர்களுக்கெல்லாம் எப்படிச் சொல்வது? தந்தி எங்காவது தங்கிவிடும், கடல் கொந்தளித்தால் லோஞ்ச் ஓடாது. வானொலி அறிவித்தல் மட்டும் தப்பாமல் போய்ச் சேரும். அந்த நேரத்தில் சோற்றுக்கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்கள், எங்கள் ஆட்கள் யாராவது இருக்கிறார்களா என்று.

நெடுந்தீவில் அந்த அறிவித்தல்களை எழுதிக்கொடுத்தவர் சீமாம்பிள்ளையரின் தமையன் கயித்தாம்பிள்ளையர். தபால் கந்தோரில் வேலைசெய்து ஓய்ந்தவர். நெஞ்சு நிமிர்த்தி நடப்பார், தன் வசனம் கொழும்பிலிருந்து கேட்கும் நாட்களில் இன்னும் கொஞ்சம் நிமிர்த்துவார். அறிவிப்பாளர் நிறுத்தக்கூடாத இடத்தில் மூச்செடுத்தால் வானொலிப் பெட்டியைத் திட்டுவார்.

அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. ஒரு பெயரும் விடுபடக்கூடாது. மகன், மகள், மருமகன், மைத்துனன், மைத்துனனின் சகலன், எல்லோரும் வரவேண்டும். இதில் அவரைப் பிழை சொல்ல முடியாது. அறிவித்தலில் பெயர் விடுபட்டதற்காகச் செத்தவீட்டிலேயே முகம் திருப்பிக்கொண்டு போய், பிறகு கலியாணத்துக்கும் வராத மருமகன்மார் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள்.

கலியாணப் பேச்சென்பதால் தமையனும் அன்று வந்திருந்தார். துரையைப் பற்றி மூச்சு விடமாட்டேன் என்று தம்பிக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் கதிரையில் அமர்ந்தார்.

டெக்லன் ஒலிப்பதிவுப் பெட்டியைத் திறந்து, தலையணை கேட்டு வாங்கி, ஒலிவாங்கியை அதில் கிடத்தினார். துரையைப் பற்றிக் கேட்க அவர் வாயெடுப்பதைக் கண்ட சீமாம்பிள்ளையர் முந்திக்கொண்டார்.

"ரீச்சர், உவருக்குச் சொல்லும். எங்கட அண்ணை எழுதிற மரண அறிவித்தல் கொழும்பு றேடியோவில போறது. அதைப் பதியச் சொல்லும்."

நான் சொன்னேன். டெக்லனின் முகம் மலர்ந்துவிட்டது. தானும் அந்த வேலையில்தான் தொடங்கியவர் என்று கயித்தாம்பிள்ளையரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒன்று சொல்லிக்காட்டும்படி கேட்டார். பேச்சு துரையை விட்டு விலகிய நிம்மதியில் சீமாம்பிள்ளையர் விசிறியை எடுத்து ஒலிவாங்கிக்கு விசிறத் தொடங்கினார்.

ஓடத் தொடங்கிய நாடா

ஆனால் யாருக்கு அறிவித்தல் சொல்வது? உயிரோடிருப்பவருக்குச் சொன்னால் அடிக்க வருவார்கள். அண்மையில் செத்தவர் என்றால் வேலிக்கு அப்பால் அவருடைய வீட்டார் அழத் தொடங்குவார்கள்.

"நல்ல காரியம் கதைக்கிற இடத்தில செத்தவீட்டுக் கதை என்னத்துக்கு?" என்று மதலேனம்மாவும் முகம் சுளித்தார்.

"அழுகிறதுக்கு ஆளில்லாத பழைய சாவு எண்டா குற்றமில்லை" என்று கயித்தாம்பிள்ளையர் யோசித்தார். பிறகு டெக்லனைப் பரிவோடு பார்த்தார். "உவற்றை ஊர் மனிசன் ஒருத்தர் இஞ்சை இருந்தவரல்லோ. பாவம், அந்தாளுக்கு ஒரு அறிவித்தலும் போகேல்லை."

விசிறி நின்றது. தமையன் தொண்டையைச் செருமினார். நாடா ஓடத் தொடங்கியது.

"அயர்லாந்தைப் பிறப்பிடமாகவும் நெடுந்தீவை வசிப்பிடமாகவும் கொண்ட குதிரைத்துரை அவர்கள் காலமானார். அன்னார் நெடுந்தீவைச் சேர்ந்த அன்னம்மாவின் அன்புக் கணவரும்..."

கணவர். கோயிலில் எழுதாத கலியாணத்தை அந்த மனிதர் ஒரே சொல்லில் எழுதி முடித்தார். அறிவித்தலில் அதற்கு வேறு சொல் கிடையாது.

சீமாம்பிள்ளையர் கண்ணைக் காட்டினார், இருமினார், காலால் தமையனின் காலை மிதித்தார். பயனில்லை. கயித்தாம்பிள்ளையர் கண்ணை மூடியிருந்தார். அவர் வாக்கை மறந்துவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. ஒலிவாங்கி முன்னால் இருக்கிறது, சொந்தபந்தம் வரிசையில் நிற்கிறது, இனி அவரை யார் நிறுத்துவது?

"சூசையின் பாசமிகு தந்தையும், மனுவேலின் பாட்டனும், இசபேல், பிலோமினா ஆகியோரின் பூட்டனும், இசபேலின் மகன் யோசேப்பு, ஊர்காவற்றுறையில் வாழ்க்கைப்பட்ட பிலோமினாவின் மக்களான பேதுரு, செபமாலை ஆகியோரின்..."

"நில்லுங்கோ" என்றார் மதலேனம்மா.

குசினி வாசலுக்கு றீற்றா அகப்பையோடு வந்துவிட்டாள். முடிந்தது கதை, எழும்பிப் போகப்போகிறார் என்று நினைத்தேன்.

"பிலோமினாவுக்கு ரெண்டு பிள்ளையளில்லை, மூண்டு. கடைசி ஆள் எங்கட அப்பு, சந்தியாப்பிள்ளை. அவரை விட்டிட்டியள்."

சொன்ன பிறகுதான் அவருக்கே தான் சொன்னது விளங்கியது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். நெடுந்தீவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த தன் அப்பாச்சி, தகப்பனைப் பெற்ற பிலோமினாவுக்கு இப்படியொரு பூட்டன் இருந்தது அவருக்கு அன்றுவரை தெரியாது. மதலேனம்மா சின்னப்பிள்ளையாக இருந்தபோதே அப்பாச்சி செத்துப்போக, இந்தப் பக்கத்துச் சொந்தமும் அறுந்துவிட்டது.

என்ன நடக்கிறது என்று டெக்லன் கேட்டார். ஒரு பெயர் விடுபட்டுப் போய்விட்டது என்றேன். "ஐயோ, அது பெரிய குற்றம்" என்று அவர் தலையில் கைவைத்தார். அவருடைய ஊரிலும் அப்படித்தானாம்.

மதலேனம்மா தலையணையில் கிடந்த ஒலிவாங்கியைப் பார்த்தார். பிறகு தலைப்பை எடுத்தார்.

"என்ன பாத்துக்கொண்டிருக்கிறியள்? அப்புவின்ரை பேரைப் போட்டுத் திருப்பிச் சொல்லுங்கோ."

முறை

நான் பெருமூச்சு விட்டேன். அவசரப்பட்டுவிட்டேன். ஏனென்றால் அடுத்த நொடியே முற்றத்திலிருந்த எல்லாருக்கும் ஒரே கேள்வி வந்தது. சொந்தம் என்றால் முறை என்ன? றீற்றாவும் அந்தோனியும் அண்ணன் தங்கை முறையாக வந்துவிட்டால் எந்தத் துரையாலும் இந்தக் கலியாணத்தைக் காப்பாற்ற ஏலாது.

கயித்தாம்பிள்ளையர் விரலை மடக்கினார். "இசபேலும் பிலோமினாவும் கூடப்பிறந்த சகோதரியள். இசபேலின்ரை மோன் எங்கட அப்பா. பிலோமினாவின்ரை மோன் இவவின்ரை அப்பு. அப்ப அவை ரெண்டுபேரும் தமையன் தம்பி முறை."

"ஓம்" என்றார் மதலேனம்மா, மூச்சு விடாமல்.

"அப்ப மதலேன் எங்களுக்குத் தங்கச்சி. தங்கச்சியின்ரை மோன்..."

"மருமோன்" என்று குசினியிலிருந்து றீற்றா முடித்தாள். நிலத்தைப் பார்க்கவில்லை, நேரே பார்த்துச் சொன்னாள்.

மதலேனம்மா எழுந்து போய் அவளுடைய நாடியைப் பிடித்துத் தூக்கி, இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்கட செபமாலைப் பெரியப்புவுக்கும் இந்தக் கண்தான். நாங்கள் அதைக் கண்ணில பூ விழுந்ததெண்டெல்லோ நினைச்சிருந்தம்" என்றார். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பிறத்தியில் சம்பந்தம் செய்வதில் கொஞ்சம் யோசனை இருந்ததென்றும், சொந்தத்துக்குள் என்றால் பிறகு என்ன விசாரணை என்றும் சொல்லி, கறி ஆறமுதல் சோற்றைப் போடச் சொன்னார்.

அந்தக் கலியாணம் நடந்தது. டெக்லனின் வேலையும் தப்பியது. அந்த நாடாவை ஒலிபரப்பியபின் மேலதிகாரி கால்பந்துப் பேச்சை எடுக்கவில்லையாம். நிகழ்ச்சி தொடர்ந்து ஓடி, பிறகு புத்தகமாகவும் வந்தது. பல வருடங்களுக்குப் பிறகு, தீவுகள் வெறிச்சோடி நாங்களெல்லாம் ஆளுக்கொரு பக்கமாகச் சிதறியிருந்த காலத்தில், கொழும்பிலிருந்த எனக்குத் தொலைபேசி எடுத்து டெக்லனே இதைச் சொன்னார். அறிவித்தலை அவர் தங்கள் மொழியில் வாசித்து முடித்ததும், அடக்கம் எந்தக் கோயிலில் என்று சில நேயர்கள் விசாரித்தார்களாம். எனக்கு அன்றைக்கு அது எவ்வளவு சந்தோஷம் கொடுத்தது என்று சொல்லத் தெரியவில்லை.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் முடியவில்லை. சோறு குசினியில் இறக்கிவைத்திருக்க, கயித்தாம்பிள்ளையர் அறிவித்தலை முதலிலிருந்து திருப்பிச் சொன்னார். இந்த முறை அதில் சந்தியாப்பிள்ளை வந்தார். மதலேனும் வந்தார், றீற்றாவும் அந்தோனியும் வந்தார்கள். கடைசியில் அவர் நிறுத்தி, கண்ணைத் திறந்தார்.

"அறிவித்தல் எண்டா அதைக் குடுக்கிற ஆளின்ரை பேர் முடிவில வரவேணும். உறவுக்காரர் ஒருத்தர் பொறுப்பெடுக்கவேணும். தகவல் எண்டு ஆற்றை பேரைப் போட?"

அவருடைய பார்வை தம்பியிடம் போனது. நாடா சுற்றிக்கொண்டேயிருந்தது.

சொற்கள் விளங்காவிட்டாலும் அறிவித்தல் முடிந்ததை டெக்லன் அந்த ஓசையிலேயே அறிந்துகொண்டார். எழுந்தார். தொப்பியைக் கழற்றினார். அவர்களுடைய ஊர்ச் செத்தவீட்டு வழக்கப்படி ஒவ்வொருவராகப் போய்க் கைகொடுத்தார். முதலில் கயித்தாம்பிள்ளையர், பிறகு மதலேனம்மா. கடைசியாக சீமாம்பிள்ளையரின் முன்னால் நின்று கையை நீட்டி, தாழ்ந்த குரலில் ஒன்று சொன்னார். நான் மொழிபெயர்த்தேன்.

"உங்கள் இழப்புக்கு வருந்துகிறாராம் ஐயா."

சீமாம்பிள்ளையர் அந்தக் கையைப் பார்த்தார். அந்தச் சாம்பல் கண் கலங்கியதை நான் கண்டேன். காய்ந்த சந்தனம்போல இறுகியிருந்த முகம் மெல்ல இளகியது. இரண்டு கையாலும் டெக்லனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஓம் ஐயா. எங்கட ஆள்தான்" என்றார்.

பிறகு தமையனிடம் திரும்பினார்.

"தகவல், சீமாம்பிள்ளை எண்டு போடு அண்ணை."